மீந்துபோன மஞ்சள் ஃபியூஸ்

பேட்டரிக்கும் ஃபியூஸ் பெட்டிக்கும் நடுவில் ஒரு மெயின் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த தப்பு என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. 20 ஆம்பியர், மஞ்சள் நிறம், ரப்பர் மூடி போட்ட ஹோல்டரோடு காசு கொடுத்து வாங்கியே வைத்திருந்தேன். போடவில்லை. வண்டி எரிந்தது. எரிந்ததற்கு இன்னொருவர்மேல் பழி போட்டேன். அந்தப் பழி கலையாமல் இருப்பதற்காக இன்னும் மூன்று பேரை அதே ஆபத்தின்மேல் உட்காரவைத்து ஓட்டவிட்டேன். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இப்படி நாலு வரியில் முடித்தால் எனக்கு வலிக்காது. நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் வலிக்கும்.

எனக்குச் சொந்த ஊர் சத்தியமங்கலம் பக்கம். பிழைப்பு மைசூரில், குவெம்புநகரில் வாடகை வீடு. நல்லது கெட்டது எதற்கும் ஊருக்குப் பைக்கில்தான் போவேன். நஞ்சன்கூடு, சாமராஜநகர், புளிஞ்சூர், காரப்பள்ளம், ஆசனூர், திம்பம், பண்ணாரி என்று அந்த வழி எனக்கு மனப்பாடம். மனப்பாடமாக இருந்தும், திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவும் மழைக்காலத்தில் புதுசாகத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மலைமேல் மூடுபனி இறங்கிவிட்டால் ஹெட்லைட் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். காரப்பள்ளம் சோதனைச்சாவடியை ஒட்டிக் கரும்பு லாரியை எதிர்பார்த்து யானை நிற்கிற ரோடு அது. எதிரே கருப்பாகத் தெரிவது லாரியா யானையா என்பதைப் பத்தடி தூரத்தில் போய்த் தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே ஃபாக் லைட்டை நான் ஜம்பத்துக்கு வாங்கவில்லை. என் பக்கத்து நியாயம் என்று இந்த ஒன்றைத்தான் சொல்லிக்கொள்ள முடியும்.

லைட்டோடு நிற்கவில்லை. செல்போன் சார்ஜர் வந்தது. அப்புறம், கேபினுக்குள் பாட்டுப் போட்டிருக்கும் லாரிக்காரருக்கும் கேட்கிற மாதிரி ஜோடி ஹார்ன். ஒவ்வொன்றின் வயரையும் நேராகப் பேட்டரி போல்ட்டில் மாட்டியதில், கல்யாண வீட்டு வாசலில் செருப்பு குவிந்த மாதிரி, வயர் முனையில் பிடித்த லக்குமேல் லக்காக ஏறிவிட்டது. போல்ட்டில் நட்டுப் பிடிக்க மரை மிச்சமில்லை. லூஸாக இருக்கும் இணைப்பு சூடாகும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி இன்னும் லூஸாகும்.

இதற்கு ஒழுங்கான வழி தனியாக ஒரு ஃபியூஸ் பெட்டி. பேட்டரியிலிருந்து தடித்த சிவப்பு வயர் ஒன்றே ஒன்று கிளம்பிப் பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து லைட்டுக்கு ஒரு ஃபியூஸ், ஹார்னுக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒன்று என்று கிளை பிரியும். சிவப்பு வயர் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் ஒரு ரிலே. அதன் 30-ஆம் முனையில் பேட்டரி வயர், 87-ல் பெட்டி. நம்பர் பிளேட் லைட்டிலிருந்து மெல்லிய வயர் ஒன்றை எடுத்து 86-ல் கொடுத்து, 85-ஐ எர்த் செய்துவிட்டால், சாவியைத் திருப்பினால்தான் பெட்டிக்குக் கரண்ட் வரும். லைட்டை அணைக்க மறந்து டீ குடிக்கப் போனாலும் பேட்டரி இறங்காது. கம்பெனி போட்ட வயரிங்கை எங்கும் வெட்ட வேண்டியதில்லை. பெட்ரோல் பம்ப், ஏபிஎஸ் எல்லாம் அந்த வயரிங்கில்தான் ஓடுகின்றன என்பதால் அதில் கை வைக்காமல் இருப்பதே பாதி புண்ணியம்.

கணக்கும் போட்டேன். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரியும். அணைக்க ஸ்விட்ச் கிடையாது. அது தின்றதுபோக மிச்சம் இருக்கும் கரண்டில்தான் நம் கூடுதல் சாமான்கள் பிழைக்க வேண்டும். ஜோடி லைட்டும் சேர்ந்து 80 வாட் என்றால் 12 வோல்ட்டில் ஏழு ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு 10 ஆம்பியர் ஃபியூஸ். 0.75 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் மீட்டருக்குச் சுமார் 0.025 ஓம், போக இரண்டு மீட்டர், வர இரண்டு மீட்டர் என்றால் 0.1 ஓம்; ஏழு ஆம்பியர் ஓடும்போது 0.7 வோல்ட் வழியிலேயே கரைந்துபோகும். அதனால் லைட்டுக்கு 1.5, பேட்டரி வயருக்கு 2.5. இதையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு லட்சத்துக்குப் பக்கமாகப் பல்பு எரிகிற அரண்மனை இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு ரெண்டு பல்புக்கு இத்தனை கணக்குங்களா என்று மனைவி கேட்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமைதான் பிரச்சினை. எங்கள் ஞாயிற்றுக்கிழமை ரைடிங் குழுவில் பெரும்பாலோர் என்னைவிடச் சின்னவர்கள். சாமுண்டி மலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, மரத்தடியில் சீட்டைக் கழற்றிக் காட்டி வகுப்பே எடுத்திருக்கிறேன். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. ஃபியூஸ் போய்விட்டதென்று அதைவிடப் பெரிய ஆம்பியர் போடாதே. ஃபியூஸ் காப்பது லைட்டை அல்ல, வயரை. லக்கை வெறுமனே நசுக்காதே, அதற்கென்று இருக்கும் கிரிம்ப்பிங் பிளேயரால் பிடி, மேலே ஸ்லீவைச் சூடுகாட்டி இறுக்கு. எல்லாம் சரியான பாடம்தான். ஒரே ஒரு பாடத்தை மட்டும் விட்டுவிடுவேன். ஃபியூஸ் வயரைத்தான் காக்கும் என்றால், வயர் பேட்டரியைவிட்டுப் புறப்படும் இடத்திலேயே, அரையடிக்குள், முதல் ஃபியூஸ் இருக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் ஆறு ஃபியூஸும் பெட்டிக்கு அப்பால் போகும் வயர்களுக்குக் காவல். பேட்டரியிலிருந்து பெட்டிவரை வரும் அந்தச் சிவப்பு வயருக்கு ஆறும் சேர்ந்து ஒன்றும் செய்ய முடியாது. இதை நான் நடத்தவில்லை, ஏனென்றால் என் வண்டியில் அது இல்லை.

ஏன் இல்லை? வெட்கமாக இருக்கிறது. பேட்டரிக்குப் பக்கத்தில் அந்த ஹோல்டரை வைத்தால் சீட்டு லாக் விழவில்லை. வேறு இடம் இருந்தது. பேட்டரித் தட்டின் மறுபக்கம் வைக்கலாம். ஆனால் வயரை வெட்டி, மறுபடியும் லக் பிடித்து, ஒரு வளைவு கொடுத்துக் கொண்டுபோக வேண்டும். நான் ஏற்கெனவே வயர்களை ஒரே கோட்டில் படியவைத்து, ஒரே அளவு இடைவெளிவிட்டு டேக் கட்டி, போட்டோ எடுத்துவிட்டேன். படம் குழுவில் போய் எல்லோரும் கைதட்டியாகிவிட்டது. அந்தப் படத்தில் அசிங்கமாக ஒரு ஹோல்டர் தொங்க வேண்டாம் என்று பட்டது. அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று ஹோல்டரைப் பாக்கெட்டோடு மேஜை டிராயரில் போட்டேன். சிவப்பு வயர் சீட்டு லாக்கின் தகட்டுக்கு அடியில் இறுக்கமாக, அழகாக, நேர்கோட்டில் போனது.

பிறகு குழுவில் மூன்று பேர் அதே மாதிரி பெட்டி கேட்டார்கள். ஐடி கம்பெனித் தம்பி ஒருவர், கல்லூரி ஆசிரியர் ஒருவர், பேங்க்கில் வேலை பார்ப்பவர் ஒருவர். காசு வாங்கவில்லை, நஜர்பாத் மைலாரியில் தோசை வாங்கிக் கொடுத்தார்கள். அவர்கள் வண்டியிலாவது மெயின் ஃபியூஸ் போட்டிருக்கலாம். போட்டால் ‘உங்க வண்டியில இது காணோமே சார்’ என்ற கேள்வி வரும். அதனால் அவர்களுக்கும் போடவில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் ஒருவர்தான். மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கிற பெரியவர். யாதவகிரியில் இருந்த ஐடியல் ஜாவா ஃபேக்டரியில் வயரிங் வேலை பார்த்தவர். மைசூர்க்காரர்களுக்கு அந்த ஃபேக்டரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செக்கோஸ்லோவாக்கியா ஜாவாவின் லைசென்ஸில் 1961-ல் அங்கே உற்பத்தி தொடங்கியது. 1973-லிருந்து யெஸ்டி என்ற பெயர், 1978-ல் ரோட்கிங், 1996-ல் ஃபேக்டரிக்குப் பூட்டு. கிக்கர் லீவரே கியர் லீவராகவும் மடங்குகிற அந்த வண்டிகள் இன்றும் ஜூலை இரண்டாவது ஞாயிறு ஜாவா தினத்தன்று புகை கக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுகின்றன. ஃபேக்டரி மூடியபோது இவருக்குக் கிடைத்தது கைத்தொழில் மட்டும். அதை வைத்துத்தான் பட்டறை. பழைய ஜாவாவில் 6 வோல்ட், 45 வாட் டைனமோ. ஹெட்லைட், டெயில் லைட், ஹார்ன், பேட்டரி சார்ஜ் எல்லாம் அந்த 45 வாட்டுக்குள் அடங்க வேண்டும். ஒரு இணைப்பு துருப்பிடித்தாலே ராத்திரியில் லைட் மினுங்கும். அந்தப் பஞ்சத்தில் வேலை பழகியவர், எந்த வண்டி வந்தாலும் முதலில் பேட்டரி பக்கம்தான் குனிவார்.

தீபாவளிக்கு முன்னால் ஏர் ஃபில்டர் சுத்தம் பண்ண அவரிடம் விட்டிருந்தேன். சீட்டைத் தூக்கியவர் சிவப்பு வயரை விரலால் பிடித்துக்கொண்டே போய், பெட்டிவரை தொட்டுப் பார்த்து, திரும்பப் பேட்டரிக்கு வந்தார்.

“பேட்டரி ஹத்ர ஃபியூஸ் எல்லி சார்?” பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் எங்கே என்று கேட்டார்.

பட்டறையில் இன்னும் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. “பெட்டியில ஆறு ஃபியூஸ் இருக்குதே, தெரியலையா? இது உங்க ஜாவா காலத்து வண்டி இல்லைண்ணா” என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, வாதாடவும் இல்லை. லாக் தகடு வயரை உரசுகிற இடத்தை மட்டும் விரலால் தட்டிக் காட்டினார். நான் பார்க்காத மாதிரி செல்போனை எடுத்தேன். “இர்லி பிடி”, இருக்கட்டும் விடுங்கள் என்று சீட்டை மாட்டிவிட்டார்.

தீபாவளிக்கு முதல் நாள் கிளம்பினோம். பின்னால் மச்சினன், மைசூரில்தான் படிக்கிறான். ஆசனூர் தாண்டியதுமே பனி. திம்பத்தில் இறங்கும்போது லாரிகளின் பிரேக் லைனர் தீய்கிற வாடை எப்போதும் உண்டு. அதனால் வாடை வந்தபோது நான் முன்னால் போன லாரியைத்தான் நினைத்தேன். இன்னும் கொஞ்சம் இறங்கினோம். “மாமா, சீட்டு சுடுதுங்க” என்றான். பின் பக்கம் ஈரமாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது என்று சொன்னேன். எவ்வளவு நம்பிக்கையோடு சொன்னேன்! அடுத்த வளைவுக்குள் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது, ஹெட்லைட் மங்கியது, இன்ஜின் நின்றது.

ஓரங்கட்டிச் சாவியை எடுத்தேன். புகை நிற்கவில்லை. நிற்காது. அந்த வயருக்குச் சாவியோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ரிலேவரைக்கும் அது பேட்டரியின் பாசிட்டிவேதான். லாக் தகடு ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து இன்சுலேஷனைத் தின்றிருக்கிறது. உள்ளே செம்பு தகட்டைத் தொட்டுவிட்டது. தகடு சேஸியில், சேஸி நெகட்டிவில். பைக் பேட்டரி சின்னதுதானே என்று நினைக்கிறோம். ஸ்டார்ட்டர் மோட்டாருக்காக நூறு ஆம்பியர் அளவுக்கு ஒரே மூச்சில் தள்ளுகிறது அது. ஷார்ட் ஆகும்போது அதைவிடவும் தள்ளும். டிராயரில் கிடந்த அந்த மஞ்சள் ஃபியூஸ் இருந்திருந்தால் கண் சிமிட்டுவதற்குள் போயிருக்கும். நாங்கள் லைட்டும் ஹார்னும் இல்லாமல் மெதுவாக இறங்கியிருப்போம், அவ்வளவுதான்.

சீட்டைத் தூக்கினால் சிவப்பு வயர் என்று ஒன்று இல்லை. கருகிய கம்பி, அதிலிருந்து சொட்டுகிற பிளாஸ்டிக், அதை ஒட்டி நான் டேக் போட்டு அழகாகக் கட்டிவைத்த கம்பெனி வயர்கள் ஒன்றோடொன்று உருகிப் பிடித்திருந்தன. இறுக்கிக் கட்டியதால் தீ ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ வசதியாக இருந்தது. நெகட்டிவைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் வேண்டும்; டூல்கிட் அதே சீட்டுக்கு அடியில், உருகிய பையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மச்சினன் பாட்டில் தண்ணீரை ஊற்றப் போனான். தடுத்தேன், ஆனால் வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த லாரியிலிருந்து டிரைவர் கட்டிங் பிளேயரோடு ஓடிவந்தார். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பேட்டரி ஓரமாக ஒரே வெட்டு. புகை அடங்கியது.

துண்டை உதறிக்கொண்டே அவர் கேட்டார்: “யாருங்க இந்த வயரிங் பண்ணுனது?”

“மைசூர்ல ஒரு மெக்கானிக்குங்க” என்றேன்.

இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன். அவர் யாரோ. மறுபடி பார்க்கப்போவதில்லை. பனியில் என் முகம்கூடச் சரியாகத் தெரிந்திருக்காது. நான்தான் பண்ணினேன் என்று சொல்லியிருந்தால், பார்த்துப் பண்ணுங்க என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். எந்த நெருக்கடியும் இல்லாமல், யாரும் குற்றம் சாட்டாமல், வாயிலிருந்து அது தானாக வந்தது. பக்கத்தில் மச்சினன் நின்றிருந்தான். அவன் கேட்டுவிட்டான். கேட்டதால் வீட்டில் அதுவே உண்மையாகிவிட்டது. மாமனார் வீட்டில் எண்ணெய்க் குளியலின்போது, “அந்த மெக்கானிக்கைச் சும்மா விட்டீங்களா மாப்பிள்ளை” என்று மாமனார் கேட்டார். விட்டுட்டேங்க, வயசானவர் என்றேன். பெருந்தன்மை வேறு.

குழுவில் கேட்டபோது பொய் நன்றாக வளர்ந்திருந்தது. ஏர் ஃபில்டருக்காகச் சீட்டைக் கழற்றினார், மாட்டும்போது வயரை நசுக்கிவிட்டார், வயசாகிவிட்டது பாவம், கண் தெரியவில்லை போலிருக்கிறது. பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாத ஊர் இது. ஏர் ஃபில்டருக்கு நாங்கள் எல்லோரும் போவது அங்கேதான். சர்வீஸ் சென்டரில் வயரிங் முழுவதும் மாற்றினேன். கொண்டுபோவதற்கு முன் கருகிய பெட்டியைக் கழற்றி ஒளித்துவிட்டேன். செலவைப் பற்றிப் புலம்ப எனக்கு யோக்கியதை இல்லை.

ஆட்கள் ஒவ்வொருவராக அந்தப் பட்டறைக்குப் போவதை நிறுத்தினார்கள். யாரும் அவரிடம் சண்டை போடவில்லை, போகவில்லை, அவ்வளவுதான். எனக்கு அது தெரிந்தது. ஒரு நாள் அசோகா ரோட்டில் எதிரே சைக்கிளில் வந்தார். நான் கடைக்குள் நுழைந்து வேண்டாத டார்ச் லைட் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு மண்டி மொஹல்லா பக்கமே போகாமல் சுற்றுவழி கண்டுபிடித்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது மனைவி டிராயரைக் காலி செய்தாள். பாக்கெட்டோடு அந்த ஹோல்டரைத் தூக்கிப் பிடித்து, “ஏனுங்க, இது மீந்து போச்சுங்களா?” என்றாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிப் பழகிய வாய்தானே. ஆனால் அவள் பாக்கெட்டைத் திருப்பி, பின்னால் அச்சடித்திருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு பேட்டரி, அதை ஒட்டி இந்த ஹோல்டர், அப்புறம் பெட்டி. எலக்ட்ரிகல் படித்தவள் இல்லை அவள். படம் பார்க்கத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பெரியவர் பாவமுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த டிராயரை இழுத்தாள்.

அவரிடம் போனேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஸ்வீட் வாங்கினேன். சந்து முனையில் அதை வண்டியின் சாமான் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நடந்தேன். ரோட்கிங் ஒன்றின் ஹெட்லைட் கிண்ணத்துக்குள் கையைவிட்டு ஏதோ செய்துகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சேர்த்துச் சொன்ன கன்னடமும் தமிழும் எனக்கே கோணலாக இருந்தது. மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். கோபப்படுவார், இல்லையென்றால் பரவாயில்லை என்பார் என்று இரண்டுக்கும் தயாராகப் போயிருந்தேன்.

“இந்த மாதிரி இன்னும் எத்தனை வண்டிக்குப் போட்டிருக்கீங்க?” என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், தீபாவளியிலிருந்து அன்றுவரை அந்த மூன்று வண்டிகளை நான் நினைக்கவே இல்லை. நினைத்திருக்க முடியாது. மெக்கானிக் வயரை நசுக்கியதால் எரிந்தது என்றால் மற்ற வண்டிகளுக்கு ஆபத்தில்லை. அவற்றைப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. பார்க்கக் கிளம்பினால் ஏன் என்று கேட்பார்கள். ஊருக்குச் சொன்ன பொய்யை நானே அவ்வளவு நன்றாக நம்பியிருந்தேன். அந்தத் தம்பி இடையில் வால்பாறை போய்வந்திருந்தார். ஆசிரியர் மனைவியையும் குழந்தையையும் உட்காரவைத்துக்கொண்டு தலைக்காவிரி போய்வந்த படம் குழுவில் வந்தபோது நானும் கைதட்டியிருக்கிறேன்.

“முதல்ல வண்டிகளைக் கூட்டிட்டு வாங்க. என்னைப் பத்தி அப்புறம் பேசலாம்” என்றார் பெரியவர்.

அன்றைக்கே போன் போட்டேன். காரணத்தையும் போனிலேயே சொல்ல வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் வார நாளில் ஆபீஸை விட்டு யார் வருவார்கள்? தம்பியின் வண்டியில் வயர் நன்றாகத்தான் இருந்தது. ஆசிரியர் வண்டியில், லாக் தகட்டின் கீழே, சிவப்பு இன்சுலேஷன் தேய்ந்து வெளுத்து, நகத்தால் கீறினால் செம்பு தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்தது. பெரியவர் அந்த இடத்தைக் காட்டினார்; ஆசிரியர் பார்த்தார்; என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. இரண்டு வண்டியிலும் பேட்டரியிலிருந்து நாலு விரல் தூரத்தில் ஹோல்டர், 20 ஆம்பியர், வயருக்கு மேலே ஸ்லீவ், தகட்டு விளிம்பில் ரப்பர் புஷ். வேலையைப் பெரியவர் செய்தார், நான் லக் எடுத்துக் கொடுத்தேன். கூலி கொடுத்தபோது எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். அவரைப் பற்றிய பேச்சு அப்புறம் வரவே இல்லை. நான் எடுத்தாலும் அவர் வேறு வேலையைப் பார்க்கிறார்.

குழுவில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். சிலர் மறுபடி அவர் பட்டறைக்குப் போகிறார்கள். சிலருக்கு இதற்குள் வேறு இடம் பழகிவிட்டது; சார், அங்கே பார்க்கிங் வசதியாக இருக்கிறது என்கிறார்கள். நான் அனுப்பிய பொய் போய்ச் சேர்ந்த இடத்துக்கெல்லாம் உண்மையும் போய்ச் சேரும் என்று நினைத்தது என் தப்பு.

மூன்றாவது வண்டி கிடைக்கவில்லை. பேங்க்காரர் மாற்றலாகிப் போகும்போது புரோக்கர் மூலம் விற்றுவிட்டார். புரோக்கர் இன்னொரு புரோக்கரைக் காட்டினார். அவர், ஓசூர் பக்கம் ஒரு பையன் வாங்கினான், பேப்பர் இன்னும் மாற்றவில்லை, போன் நம்பர் எடுக்கவில்லை என்கிறார். பேப்பர் மாறாததால் ஆர்டிஓவில் தேடியும் பயனில்லை. கேஏ 09 பதிவுள்ள சாம்பல் நிற டூரிங் வண்டி. இரண்டு பக்கமும் பெட்டி மாட்டும் கம்பி. இடது ஹேண்டிலில் பச்சை விளக்கு வைத்த ஃபாக் லைட் ஸ்விட்ச். சீட்டுக்கு அடியில் கருப்பு ஃபியூஸ் பெட்டி. மூடியின் உள்பக்கம் வெள்ளைத் தாளில் லைட், ஹார்ன், சார்ஜர் என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கும். அது என் கையெழுத்து. வண்டியை வைத்திருப்பவர் அல்லது அப்படி ஒரு வண்டியைப் பார்த்தவர் இதைப் படித்தால், பெட்டி பக்கம் கை வைக்க வேண்டாம். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பிறகு சிவப்பு வயரின் பேட்டரி முனையையும் கழற்றி டேப் சுற்றிவிட்டு, நெகட்டிவை மாட்டிக்கொள்ளுங்கள். ஃபாக் லைட்டும் பெட்டியிலிருந்து போகும் ஹார்னும் சார்ஜரும் வேலை செய்யாது; மற்றபடி வண்டி ஓடும். ஓசூரிலேயே நல்ல ஆளாகப் பார்த்து மெயின் ஃபியூஸ் போடச் சொல்லுங்கள், செலவு என்னுடையது.